அன்னாசி சுட்ட மத்தியானம்

அக்னி நட்சத்திரம் முடிகிறவரை நாச்சியாரம்மாவின் மடத்தில் மத்தியானம் உலை வைப்பதில்லை. வெள்ளரி, மாங்காய், புதினா, சுட்ட அன்னாசி எல்லாம் கலந்து ஆளுக்கொரு தட்டு. அவ்வளவுதான் சாப்பாடு. மடத்துக்கு வருகிற மலை அன்னாசியைச் சும்மா தின்றால் பல் கூசிப்போகும். தணலில் காட்டினால்தான் இனிக்கும்.

அன்றைக்குத் தணல் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திருமேனி வாத்தியார். சீடர்தான், ஆனால் குரு நாச்சியாரம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனையோ நாளாகியும், பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரியேதான் மடத்துக்குள்ளும் நடப்பார்.

"அம்மா, இன்னிக்கு என் மக செண்பகம் வர்றா. போன தடவை வந்தவ பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம கிளம்பிட்டா. ஏன் எங்கிட்ட மட்டும் எதையும் சொல்ல மாட்டேங்கிறா?"

விடிந்ததிலிருந்து இதே கேள்வி. நாச்சியாரம்மாவுக்குத் தலையே வலித்தது.

"முதல்ல பழத்தைச் சுடுங்க."

வாத்தியார் ஒரு துண்டைக் கம்பிவலையில் வைத்தார். வைத்த மறுநிமிஷமே இடுக்கியால் தூக்கி அடியைப் பார்த்தார். பழம் கம்பியில் ஒட்டிக்கொண்டு பாதியாகப் பிய்ந்தது. அடுத்த துண்டுக்கும் அதே கதிதான்.

"கம்பி சரியில்லம்மா."

"கம்பி நல்லாத்தான் இருக்கு. வெச்சா விடுங்களேன்! நல்லா சிவந்தா அதுவே கம்பியை விட்டுட்டு வரும். அப்புறம் புரட்டிப் போட்டு, அந்தப் பக்கத்துக்கும் அதே மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும்."

"பார்க்காம எப்படித் தெரியும்?"

"வாசனை வரும். என் உயிரை வாங்காதீங்க."

அடுத்ததும் பிய்ந்தது. நாச்சியாரம்மா தலையில் அடித்துக்கொண்டார். இந்த மனுஷனை எந்த நேரத்தில் சீடராகச் சேர்த்தோமோ என்று இருந்தது.

அதற்குள் வாசலில் செண்பகம் வந்து நின்றாள். கையில் பெரிய பெட்டி. முகம் வாடியிருந்தது. வாத்தியார் இடுக்கியும் கையுமாக ஓடினார்.

"ஏன் இவ்வளவு நேரம்? சாப்பிடறியா இல்லையா, இப்படி இளைச்சிருக்கே? மாப்பிள்ளை எங்கே? இம்மாம் பெரிய பெட்டி எதுக்கு? சண்டையா? வாயைத் திறந்து சொல்லேன்!"

"ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்." பெட்டியை அவள் கீழே வைக்கவில்லை. "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். கிளம்பறேன்."

"வாத்தியாரே, பழம்!" நாச்சியாரம்மா போட்ட சத்தத்தில் கூரை மேலிருந்த காக்கை பறந்தது. "நீ வாம்மா. இந்த வெள்ளரியை நறுக்கிக் குடு. உப்பு மட்டும் இப்பப் போட்டுடாதே, தண்ணி விட்டுடும்."

செண்பகம் தயங்கினாள். பிறகு பெட்டியைச் சுவரோரமாக வைத்துவிட்டு அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

வாத்தியார் மிச்சமிருந்த துண்டுகளைக் கம்பிவலையில் பரப்பினார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மகளைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். பார்க்க நாச்சியாரம்மாவுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வெள்ளரி நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வெல்லம் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை எழுந்தது. வாத்தியார் இடுக்கியை வைத்ததும் பழம் பிய்யாமல் முழுசாக வந்தது. அடியில் பழுப்புக் கோடுகள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார்.

"அப்பா." செண்பகம் தலையை நிமிர்த்தவில்லை. "நான் இனிமே அந்த வீட்டுக்குப் போறதா இல்ல."

"ஏ..." என்று எழுந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. குருவின் பக்கம் சாய்ந்து கெஞ்சினார்.

"அம்மா, இப்பவாவது கேக்கலாமா?"

நாச்சியாரம்மா கம்பிவலையை எட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கம்தானே சிவந்திருக்கு, வாத்தியாரே."