சந்தனம் பூசின மூக்கு

"இந்தச் சங்கு ஏன் டீச்சர் பொய் சொல்லுது?"

பேச்சிமுத்து கேட்டான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ரோஸ்லின் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கேஸ் அலாரத்தைச் சோதித்துப் பார்க்க மாதத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலியில் இருந்து வருகிறவள். குடையும் தோள்பையுமாக வருவதைப் பார்த்து, இறால் உரிக்கிற பெண்கள் வைத்த பேர்தான் டீச்சர். பேச்சிமுத்துவை விட அவள் இளையவள். ஆனாலும் அவனுக்கும் அவள் டீச்சர்தான்.

தூத்துக்குடியில் அந்த இறால் கம்பெனி. ஒரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மெஷின் ரூம். குளிர் அறைக்குக் குளிர் கொடுக்கிற மெஷின் அங்கேதான் ஓடும். அதற்குள் ஓடுவது அமோனியா கேஸ். வெளியே கசிந்தால் கண் எரியும். கூடினால் நெஞ்சை அடைக்கும். அதற்கும் மேலே போனால் உயிரே இருக்காது.

அதைக் காட்டிக் கொடுக்கத்தான் மெஷினுக்கு மேலே அலாரம். அதற்கு மூக்கு மாதிரி வட்டமாக ஒரு வலை உண்டு. அந்த மூக்கில் கேஸ் பட்டால் சங்கு ஊதும்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது பேச்சிமுத்துவின் வேலை. அலாரமும் அவன் பொறுப்புதான்.

"எப்ப பொய் சொன்னுச்சு அண்ணாச்சி?"

"எப்பவுமே. திடீர்னு ஊதுது. பொம்பளைங்க எல்லாம் எழுந்து ஓடுதாக. நான் போய்ப் பாத்தா ஒரு கேஸும் இல்ல. போன வாரம் ஓடும்போது வழுக்கி விழுந்து ஒரு அக்காவுக்குக் கை ஒடிஞ்சு போச்சு."

"ம்."

"மேனேஜர் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ சும்மா ஊதி ஆளுக வெளிய ஓடினா, நீ அப்படியே வீட்டுக்கு ஓடிருன்னு."

ரோஸ்லின் பையில் இருந்து சின்ன சிலிண்டரை எடுத்தாள். தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும். அதில் சோதனைக்காகக் கொஞ்சம் அதே கேஸ். ஏணியில் ஏறி, குழாயை அலாரத்தின் மூக்கில் வைத்தாள்.

சங்கு ஊதியது.

குழாயை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நின்றது.

"பொய் சொல்லலியே."

"உங்க முன்னாடி நல்ல பிள்ளையா நடிக்கும் டீச்சர். நீங்க வாறது மெஷின் நிக்கிற நாளு. மெஷின் ஓடும்போதுதான் அதுக்குக் கிறுக்குப் பிடிக்குது."

"பொய்னு எப்படித் தெரியும்?"

பேச்சிமுத்து தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

"இது இருக்குலா? கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த ரூமுக்கு வந்தவன் நான். கேஸ் வந்தா எனக்குத் தெரியாதா?"

ரோஸ்லின் அவன் மூக்கைப் பார்த்தாள். அலாரத்தின் மூக்கைப் பார்த்தாள்.

அவனுக்குப் பேச்சு நிற்கவில்லை. "இங்கதான் இப்படின்னா, வீட்டுலயும் இதே கதை. எம்பிள்ளைக்கு ஏழு மாசம். வேலை முடிஞ்சு போய்த் தூக்கினா வீல்னு கத்துதா. அவ அம்மாகிட்ட குடுத்தா நிப்பாட்டிருதா. இங்கயும் சும்மா அழுகை, அங்கயும் சும்மா அழுகை. நான் என்னதான் செய்ய? கத்தாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

அவள் பையைத் துழாவி, கொஞ்சம் பஞ்சு எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"எதுக்கு இது?"

"வழி கேட்டீங்களே."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

-

பேச்சிமுத்து ரொம்ப நேரம் பஞ்சையே பார்த்தான்.

எங்கே வைக்கச் சொன்னாள்? அலாரத்திலா? காதிலா?

காதில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மெஷின் பக்கத்தில் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உலகமே அமைதியாக இருந்தது. டீச்சர் பெரிய ஆள்தான் என்று நினைத்தான்.

யாரோ தோளில் தட்டினார்கள்.

திரும்பினால் ஜெயக்கொடி அக்கா. இறால் உரிக்கிறவள். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சை எடுத்தான்.

சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, உங்க மூத்த பிள்ள எவ்வளவு நேரமா அழுவுது! நீங்க காதுல பஞ்சை வச்சிக்கிட்டு தவம் இருக்கியளா? போய்ப் பாலைக் குடும்!"

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் அவ்வளவு தூரம் ஓடவில்லை. ஓடி ஓடி அலுத்துப் போயிருந்தது.

பேச்சிமுத்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். எண்ணெய் வாடை. வேறு ஒன்றும் இல்லை. சத்தத்தை அடக்குகிற பட்டனை அமுக்கினான்.

நல்லவேளை. மேனேஜர் அன்று மதுரைக்குப் போயிருந்தார்.

டீச்சர் சொன்ன வழியில் ஏதோ தப்பு. இல்லை, தான் செய்ததில் தப்பு. எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினான். வீல்.

"குளிச்சிட்டுத் தூக்குங்கன்னா கேக்க மாட்டியளா?" என்றாள் அவன் மனைவி தங்கபுஷ்பம்.

பஞ்சை எடுத்துக் காதில் வைத்தான். பிள்ளையின் வாய் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அதைப் பார்க்க அவனுக்கு என்னவோ போல் இருந்தது. பஞ்சைத் தூக்கி வெளியே எறிந்தான்.

-

ஆயுத பூஜை வந்தது.

கம்பெனி முழுவதும் கழுவி விட்டார்கள். மெஷினுக்கு மாலை போட்டார்கள். தராசுக்குப் பொட்டு, கத்திக்குப் பொட்டு, ஐஸ் உடைக்கிற சுத்தியலுக்குப் பொட்டு.

பேச்சிமுத்து ஏணியில் ஏறினான். எல்லாவற்றையும் விட அலாரத்துக்குத்தான் நிறைய சந்தனம் குழைத்து வைத்திருந்தான். வட்டமான மூக்கு வசதியாக இருந்தது. பட்டையாக அப்பினான். நடுவில் குங்குமம்.

"தாயே, இனிமேலாவது சும்மா கத்தாத. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

கையெடுத்துக் கும்பிட்டான்.

தாய் கேட்டாள்.

அன்றைக்கு ஊதவில்லை. மறுநாளும் ஊதவில்லை. அந்த வாரம் முழுவதும் ஊதவில்லை. அலாரத்தின் பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்தது.

"உங்க மூத்தவ பெரிய மனுசி ஆயிட்டா போல" என்றாள் ஜெயக்கொடி அக்கா.

மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

-

விடுமுறை வந்ததால் ரோஸ்லின் வருகிற நாள் மாறிப் போயிற்று. அவள் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தூசியா டீச்சர்? பூஜை போட்ட சாம்பிராணி வாடையா இருக்கும்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"வாடை தெரியுதா அண்ணாச்சி உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியலயே. உங்களுக்குத் தெரிஞ்சா அது சாம்பிராணியாத்தான் இருக்கும். டீச்சர், உங்க பஞ்சை விட என் சந்தனம் நல்லா வேலை செஞ்சிருக்கு. பாருங்க. ஒரு சத்தம் உண்டா?"

ரோஸ்லின் மேலே பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் நடுவில் சிவப்பாக இருந்தது.

"பாப்பா இன்னும் அழுவுதாளா?"

"அவ நிப்பாட்டல டீச்சர்."

"அவளுக்கும் பூசிப் பாத்தீங்களா?"

"சந்தனமா? எங்க பூச?"

"இங்க எங்க பூசினீங்களோ, அங்க."

"இங்க நான்..." அவன் மேலே பார்த்தான். "மூக்குலல்லா பூசினேன்."

"ம்."

"பிள்ளைக்கு மூக்குல அப்பினா மூச்சு முட்டிப் போகும்லா?"

ரோஸ்லின் சிலிண்டரை எடுத்து அவன் கையில் கொடுத்து, ஏணியைக் காட்டினாள்.

அவன் ஏறினான். சந்தனத்தின் மேல் குழாயை வைத்துத் திறந்தான்.

பச்சை விளக்கு எரிந்தது.

இன்னும் திறந்தான்.

பச்சை விளக்கு எரிந்தது.

"டீச்சர், சிலிண்டர்ல கேஸ் தீந்து போச்சா?"

"உங்க கண்ணுக்குக் கிட்ட வச்சிப் பாருங்க."

பார்த்தான். கண் சுரீர் என்று எரிந்து தண்ணீர் கொட்டியது. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தட்டில் இறால் விழுகிற சத்தம் கேட்டது. அந்த வாரம் முழுவதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். இந்தப் பச்சை விளக்கை நம்பி.

இறங்கி வந்து ஏணியை அவளுக்கு விட்டான். அவள் ஏறி ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். வலையைக் கழற்றிவிட்டுப் புது வலை மாட்டினாள். குழாயை வைத்தாள்.

சங்கு அலறியது.

"ஊதுது டீச்சர்! ஊதுது!" சங்கு ஊதியதற்கு அவன் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவள் சிலிண்டரை மூடினாள். இறங்கி, அதை வெளியே முற்றத்தில் கொண்டு போய் வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

பேச்சிமுத்து காத்திருந்தான்.

நிற்கவில்லை.

மூக்கை உறிஞ்சினான். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை நன்றாக இழுத்தான். எண்ணெய் வாடை. அவ்வளவுதான்.

"பாத்தீங்களா டீச்சர்? சிலிண்டரும் இல்ல, சந்தனமும் இல்ல. மறுபடியும் பொய்!"

சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் நகர்ந்தன. பெண்கள் முற்றத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஆபீஸ் ரூமில் இருந்து மேனேஜரின் சத்தம் வந்தது.

"எவம்ல அது! மறுபடியுமா? பேச்சிமுத்து!"

அவன் கை அடக்குகிற பட்டனுக்குப் போனது. பழக்கம்.

"வெளிய யாரு வந்திருக்கா பாருங்க அண்ணாச்சி" என்றாள் ரோஸ்லின்.

வாசலில் தங்கபுஷ்பம் நின்றாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. இடுப்பில் பிள்ளை. முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

தினமும் அப்படித்தான் நிற்பாள். ஆம்பளைகள் இருக்கிற இடம், வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

பிள்ளை முகத்தைத் திருப்பி, அம்மாவின் தோளில் மூக்கைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.

இன்னும் அவன் அதைத் தூக்கவே இல்லை.

"ஏளா" என்றான். "எதுக்கு மூக்கை மூடியிருக்க?"

"எதுக்கா? இந்த நாத்தத்துலதான். கண்ணெல்லாம் எரியுது."

"எப்பவுமா?"

"மெஷின் ஓடுத நாளெல்லாம். உங்க சட்டையிலயும் அதான். அதுக்குத்தான குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்குங்கன்னு தொண்டை வத்த கத்துதேன்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லயே."

"சொன்னேம்லா. கல்யாணமான புதுசுல இருந்து சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் தெரியலயேன்னு சொல்லிட்டுப் போயிருவிய."

பேச்சிமுத்து பிள்ளையைப் பார்த்தான். அலாரத்தைப் பார்த்தான். எது எதனுடைய சத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

"பிள்ளையத் தூக்கிட்டு கேட்டுக்கு வெளிய போ. அந்த அக்காமாரையும் கூட்டிட்டுப் போ. நிக்காத."

அவள் தூக்குச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

சுவரில் இரண்டு பட்டன் இருந்தன. கைக்குப் பக்கத்தில், சங்கை அடக்குகிற பட்டன். கொஞ்சம் தள்ளி சிவப்பாக இருப்பது மெஷினை நிறுத்துகிற பட்டன். மெஷின் நின்றால் குளிர் அறையில் குளிர் குறையும். உள்ளே கப்பலுக்குப் போக வேண்டிய இறால் இருக்கிறது. மேனேஜரைக் கேட்காமல் அந்தச் சிவப்பை யாரும் தொட்டது இல்லை.

மேனேஜர் முற்றத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

"அதை அமுக்குல முதல்ல! காது போகுது!"

பேச்சிமுத்து கடைசியாக ஒரு தடவை மூச்சை ஆழமாக இழுத்தான்.

"வாடை தெரியுதா அண்ணாச்சி?" ரோஸ்லின் கேட்டாள்.

"இல்ல டீச்சர்" என்றான். "ஒண்ணுமே தெரியல."

சிவப்புப் பட்டனை அமுக்கினான்.