கரையில் கிடந்த பாசி

"குளம் எப்படிங்க மேடம் இருக்கு?" என்று கேட்டார் கனகசபை.

ஜெசிந்தா குளத்தைப் பார்க்கவில்லை; கரையைப் பார்த்தார்.

கனகசபை வங்கி வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான இந்தப் பூச்சி ஆய்வாளரிடம் சீடராகச் சேர்ந்தவர். மேடம் ஒரு வார்த்தை சொன்னால் நாளெல்லாம் அதையே நினைத்துக் கொண்டிருப்பார். சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இன்று அவருக்குப் பெரிய நாள். குளத்தை ஒட்டிய குடியிருப்பிலிருந்து குடும்பங்கள் பிள்ளைகளோடு தட்டான் பூச்சி பார்க்க வருகிறார்கள். சாயங்காலம் அவர்களுடைய சங்கம் கூடுகிறது. குளத்தை இப்படியே விடச் சொல்வதா, மண் கொட்டிப் பூங்காவாக்கக் கேட்பதா என்று முடிவெடுக்கப் போகிறது.

வருகிறவர்கள் முகம் சுளித்தால் குளம் போச்சு.

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக ஆள் வைத்து, தண்ணீரில் கிடந்த பாசியையும் கோரையையும் வழித்தெடுத்துக் கரையில் குவித்திருந்தார். குளம் பளிச்சென்று இருந்தது. ஒரு பாராட்டுக்காகக் காத்து நின்றார், பாவம்.

ஜெசிந்தா குவியலிலிருந்து ஒரு பிடி பாசியை எடுத்து வெள்ளைத் தட்டில் உதறினார்.

நகம் அளவில் கறுப்புப் பூச்சிகள் விழுந்தன. இறக்கை இல்லை. தட்டில் தண்ணீரும் இல்லை. தட்டுத் தடுமாறி ஊர்ந்தன.

"என்னங்க மேடம் இது?"

"தட்டான். இறக்கை முளைக்கறதுக்கு முன்னாடி."

தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் பாசியில்தான் வளரும் என்று கனகசபைக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்வதற்கு மனப்பாடமே செய்து வைத்திருந்தார்.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றினார். கை நிறைய பாசியை அள்ளிக்கொண்டு குளத்தில் இறங்கினார்.

அந்த நேரம் பார்த்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. முன்னால் வந்தவர் சங்கத்தின் செயலாளர் திலகம், மகளின் கையைப் பிடித்தபடி.

"குளம் சுத்தமா இருக்குதேன்னு சந்தோஷப்பட்டேன். எதுக்குங்க குப்பையத் திரும்ப உள்ள போடறாங்க?"

திலகம் ஒளிவுமறைவு இல்லாதவர். இந்தச் சகதியைப் பார்த்தபிறகு பூங்காவே மேல் என்றுதான் கூட்டத்தில் சொல்வேன் என்றார். பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

கனகசபை கரை ஓரமாக ஓடினார்.

"மேடம், அவங்க கோவிச்சுக்கிட்டாங்க. இப்ப நான் என்னங்க பண்றது?"

"வெயில் ஏறுது."

அவ்வளவுதான். ஜெசிந்தா அடுத்த கை பாசியை அள்ளப் போய்விட்டார்.

கனகசபை குவியலைப் பார்த்தார். மேல் பாசி வெளுக்கத் தொடங்கியிருந்தது. திரும்பித் திலகத்தைப் பார்த்தார். சாயங்காலத்தை நினைத்தார். பயமாக இருந்தது.

பிறகு பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"குப்பை இல்லைங்க. உள்ள உசுரு இருக்குது. நாந்தான் தெரியாம..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "தெரிஞ்சேதான் புடுங்கிப் போட்டேன்."

அவர் ஒரு கட்டுப் பாசியைக் கொண்டுபோய் நீரில் விட்டார். இன்னொன்று. மூன்றாவதுக்குத் திரும்பியபோது குவியலின் மறுபக்கம் திலகத்தின் மகள் குனிந்திருந்தாள். திலகம் அவளை அதட்டினார், கவுன் பாழாகிவிடும் என்று.

"அம்மா, இது என் கைய இறுக்கிப் புடிச்சிருக்கும்மா."

திலகம் வந்து பார்த்தார். மகளின் விரலை அந்தப் பூச்சி ஆறு கால்களாலும் பற்றியிருந்தது. பிறகு கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார்.

அதற்குப் பிறகு யாரும் கரையில் சும்மா நிற்கவில்லை.

குவியல் பாதியானபோது கனகசபைக்குத் திடீரென்று நினைவு வந்தது. மூச்சிரைக்க ஜெசிந்தாவிடம் போனார்.

"மேடம், புள்ளைங்களுக்குத் தட்டானப் பத்தி நான் இன்னும் பேசவே இல்லீங்களே. வகுப்ப எப்பங்க ஆரம்பிக்கறது?"

ஜெசிந்தா கையிலிருந்த பாசியை அவர் கையில் வைத்தார்.