காரைக்குடி வண்டியில் ஓர் இடம்

பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வரதராசன், ஆர்க்கிடெக்ட் ஸ்டெல்லாவிடம் வேலை பழகச் சேர்ந்தார். ஸ்டெல்லா அவரைவிட இருபது வயது இளையவர்.

புதிய பேருந்து நிலையத்தின் வரைபடத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் நகராட்சியில் கொடுக்க வேண்டும். வரதராசன் தனியாக வரைந்த முதல் படம் அது.

"கூரை முழுக்க சோலார் மேடம். மழைத்தண்ணி ஒரு சொட்டு வீணாகாது. பகல்ல ஒரு விளக்கு எரிய வேண்டாம். நீங்க கையெழுத்துப் போட்டா நேரே கொண்டுபோய்க் கொடுத்துடுவேன்."

"ஜனங்க எங்க நிப்பாங்க?"

"எதுக்கு நிக்கணும்? இருநூறு இருக்கை போட்டிருக்கேன். எல்லாம் நிழல்ல."

"படத்தோட பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. காரைக்குடி வண்டியில எனக்கு உட்கார ஒரு இடம் பிடிங்க. அங்கேயே கையெழுத்துப் போடறேன்."

நிலையத்தின் கூரைக்கடியில், காரைக்குடி என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே வரதராசன் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன. வண்டி வந்து நின்றபோது உள்ளே இடமில்லை.

"இங்கேயிருந்துதானே வண்டி புறப்படுது?" என்று நடத்துநரிடம் கேட்டார்.

"வாசல்லயே ஏறிட்டாங்க சார். ஊருக்குப் புதுசா?"

அடுத்த வண்டிக்கு அவரும் வாசலுக்குப் போனார். உச்சி வெயிலில் நாற்பது பேர் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

"முக்கால் மணிக்கு ஒண்ணுதான் வரும். உட்கார இடம் விட்டா, காரைக்குடி வரைக்கும் ஒத்தக்கால்தான்" என்றாள் ஒரு பூக்காரி. "துண்டு வச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"கையில ஏதோ சுருட்டி வச்சிருக்கீங்களே. அதைப் போடுங்க."

வண்டி சாலையிலிருந்து வாசலுக்குள் திரும்பியது. கூட்டத்தோடு வரதராசனும் ஓடினார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. ஓடும் வண்டியின் ஜன்னல் வழியே வரைபடச் சுருளை இருக்கையில் எறிந்தார்.

"சார் பலே ஆளுதான்" என்றாள் பூக்காரி, பின்னாலிருந்து.

வண்டி கூரைக்கடியில் போய் நின்றதும் ஸ்டெல்லா நிதானமாக ஏறி வந்தார். சுருள் கிடந்த இருக்கையருகே வரதராசன் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இடம் கிடைச்சாச்சு மேடம். ஒரு யோசனையும் வந்தது. கூரையை வாசல் வரைக்கும் நீட்டிடலாம். ரெண்டு கோடு போட்டா முடிஞ்சது. அஞ்சு மணிக்குள்ள கொடுத்துடலாம்."

ஸ்டெல்லா உட்கார்ந்து, சுருளை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"நீட்டுங்க. நிழல்ல ஓடுவாங்க."

அவர் கையெழுத்துப் போடுமுன் வரதராசன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னிக்குக் கொடுக்க வேண்டாம் மேடம்."