ஒட்டியாணம் கட்டிய திருடன்

அம்மனின் ஒட்டியாணம் காணாமல் போனது. மறுநாளே பாம்பு கடித்துச் செத்த பேர்போன திருடன் பூனைக்காலன்மேல் பழி விழுந்தது. அவனுக்குக் கூட்டு என்று, சுவருக்கு வண்ணமடிக்கும் பூவாயியின் தம்பியை அடைத்தார்கள்.

தர்மகர்த்தா திருமேனிநாதர் தொண்டையைச் செருமினார். "ம்ஹ்ம்... கோயில் மதில்ல அந்தத் திருடனை, அடிச்ச பொருளோட படமா எழுது. ஊர் மறக்கக் கூடாது. நான் ஒரு குறை கண்டாலும் உன் தம்பி வெளியே வரமாட்டான்."

அம்மன் முகத்திலேயே குறை சொல்கிற மனுஷன் அவர். பூவாயி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். திருடனுக்குப் பக்கத்தில் அவன் முன்பு களவாடிய இரண்டு மாடு, ஒரு அண்டா, இடுப்பில் ஒன்பது சிவப்புக்கல் ஒட்டியாணம்.

வெள்ளிக்கிழமை ஊரும் ஏட்டையாவும் கூடினார்கள். தர்மகர்த்தா மேலும் கீழும் பார்த்தார். மாட்டில் குறையில்லை, அண்டாவிலும் இல்லை. கடைசியில் துள்ளினார்.

"கண்ணு அவிஞ்சுபோச்சா? நடுக்கல்லுதான் விழுந்துடுச்சே, அதை ஏன் வரைஞ்ச?"

"களவு போன அன்னிக்கு அலங்காரத்துல ஒன்பது கல்லையும் ஊரே பார்த்துச்சு. அப்புறம் விழுந்தது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பூவாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சிவப்புக்கல்.

"உங்க கொல்லைச் சுவருக்கு வெள்ளையடிக்கிறப்போ கிடந்துச்சு. அன்னிக்கே காட்டியிருந்தா என்னையும் உள்ளே தள்ளியிருப்பீங்க."

ஏட்டையா தர்மகர்த்தாவின் பெட்டியிலிருந்து ஒட்டியாணத்தை எடுத்தார். தம்பி வெளியே வந்தான். பூவாயிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, திருடன் இடுப்பிலிருந்த ஒட்டியாணத்தை அழித்தாள்.

"மாடும் அண்டாவும் இவன் எடுத்தது, இருக்கட்டும். எடுக்காததை எதுக்குய்யா செத்தவன் இடுப்புல கட்டுறீங்க?"