பயனர் தவறு

அந்த மருத்துவமனைக்குத் திண்டுக்கல்லில் தலைமையிடம், வத்தலக்குண்டில் கிளை. இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்திருந்தார்கள். அதன் பொறுப்பு செண்பகவல்லியிடம். வயது முப்பத்து மூன்று. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த நல்லமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. வயரிங் பிரிவிலிருந்து இங்கே மாற்றப்பட்டவர்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை கிளையில் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை.

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறாங்க மேடம். நம்ம சர்வர் ஏத்துக்க மாட்டேங்குது. ஏன்?" என்று கேட்டார் நல்லமுத்து.

செண்பகவல்லி கிளைக்குப் போன் போட்டு, அங்கே சர்வரில் மணி என்ன காட்டுகிறது என்று கேட்டார்.

"ஒன்பது நாற்பத்து மூணு."

இங்கே சுவரில் மணி பத்து.

"ஆயுத பூஜைக்கு அங்கே போனப்ப அந்த சர்வரை அணைச்சீங்களா அண்ணே?"

"ஆமா. பிளக்கைப் பிடுங்கி, துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன். கால் மணி நேரந்தான். வருஷா வருஷம் செய்றதுதானே?"

"உள்ளே பேட்டரி செத்திருக்கு. அந்த நேரம் முழுக்க அதோட கடிகாரமும் நின்னுபோச்சு. ரெண்டு பக்கமும் மணி அஞ்சு நிமிஷத்துக்கு மேல மாறினா, சரியான பாஸ்வேர்டு போட்டாலும் இந்த சர்வர் நம்பாது."

நல்லமுத்துவுக்கு நேற்று வந்த போன் நினைவுக்கு வந்தது.

முந்தைய நாள் விடுமுறை. கிளையின் லேபில் ஹசீனா ஒருத்திதான் டியூட்டி. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் பதியாமல் தலைமையிடத்திலிருந்து ரத்தம் அனுப்ப மாட்டார்கள். அப்படி ஒரு பாழாய்ப்போன விதி. லாகின் ஆகவில்லை என்று ஹசீனா நான்கு முறை போன் செய்தாள். நான்கு முறையும் நல்லமுத்து, "பாஸ்வேர்டைப் பார்த்துப் போடும்மா" என்றார். புகார்ப் பதிவேட்டில் 'பயனர் தவறு' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாலையில் அந்தப் பெண் இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

நல்லமுத்து எழுதிய அந்த ஒரு வரியை வைத்து ஹசீனாவை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள். இன்று பதினோரு மணிக்கு விசாரணை.

செண்பகவல்லி சொல்லச் சொல்ல, நல்லமுத்து இங்கிருந்தே கிளையின் கடிகாரத்தைத் திருத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கிளையில் எல்லோருக்கும் லாகின் ஆயிற்று.

நல்லமுத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேடம், கடிகாரம் இன்னைக்குக் காலையிலதான் கெட்டுச்சுன்னு ரிப்போர்ட் எழுதிடலாமா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

செண்பகவல்லி பதிவேட்டை அந்தப் பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"நான் வேணும்னேவா செஞ்சேன்? மெஷின்தானே மேடம் ஹசீனாவை நம்பல?"

"கடைசித் தடவை போன்ல ஹசீனா என்ன சொன்னாங்க?"

நல்லமுத்து பதிவேட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒண்ணும் சொல்லல. அழுதாங்க."

"மெஷினுக்கு அது கேட்டிருக்காது அண்ணே. உங்களுக்குக் கேட்டுச்சே."