சாவடிக்குப்பத்தில் நின்ற கார்

கலியமூர்த்தி வாங்கிய பலகை லிஃப்டில் ஏறவில்லை. பதினாலு அடி நீளம். மாடிப்படி வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்த்தி, சாய்த்து, கீழ்வீட்டுக் கதவில் இடிக்காமல் மூன்றாவது மாடி சேர்வதற்குள் அவருக்கும் வாட்ச்மேனுக்கும் மூச்சு வாங்கியது.

பால்கனிக் கதவில் ஆரம்பித்துச் சமையலறை வாசல்வரை அது நீட்டிப் படுத்துக்கொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் மனைவி கோமளா, “பார்த்து வாங்க, பெரியவர் படுத்திருக்கார்” என்று சொல்ல ஆரம்பித்தாள்.

கலியமூர்த்தி கோபித்துக்கொள்ளவில்லை. ஐம்பத்து நாலு வயதில், வேறு யாருக்கும் உபயோகப்படாதது என்று தெரிந்தே, தன் ஆசைக்காக மட்டும் வாங்கிய முதல் பொருள் அது. ராத்திரி தூங்கப் போகுமுன் பழைய வேட்டித் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் போவார்.

அது நின்றுகொண்டே துடுப்புப் போட்டுக் கடலில் போகிற பலகை. அதிலும் தனி வகை. காற்று போகிற திசையிலேயே போகவும், பின்னாலிருந்து வரும் அலைகளின்மேல் வழுக்கி ஓடவும் என்றே செய்யப்பட்டது. உடம்பு ஒல்லி. மூக்கு மட்டும் படகுபோலத் தூக்கியிருக்கும்.

துடுப்புப் போட அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் தமயந்தி. கடற்கரையில் சின்னதாக ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருந்தாள். வயது முப்பது இருக்கும். அவர் அவளைக் கோச் என்பார். அவள் அவரை சார் என்பாள். பள்ளியின் அகலமான பலகைகளில் ஒரு வருஷம் பழகிய கலியமூர்த்தி, கடைசியில் அதன்மேல் நின்றபடியே பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

அந்த தைரியத்தில்தான் சொந்தப் பலகை வாங்கினார். அது வந்து சேர்ந்த சமயம் தமயந்தி ஊரில் இல்லை. தன் மாணவர்களைப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தாள். அவள் வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

தண்ணீரில் இறக்கியதும் பெரியவர் வேறு ஆளாகிவிட்டார். நிற்பதற்குள் இடப்பக்கம் சாய்ந்தது. நின்றபின் வலப்பக்கம் சாய்ந்தது. தும்மினால் விழுந்தார். யாராவது கூப்பிட்டார்களே என்று திரும்பினால் விழுந்தார். எதிர்க்காற்று வந்தால் தூக்கிய மூக்கு, வேண்டாம் என்று தலையாட்டுவதுபோல இரண்டு பக்கமும் ஆடியது. காற்றை எதிர்த்து, கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல்வரிசைவரை போய்ச் சேர்வதற்குள் கால் இரண்டும் வெலவெலத்துவிடும். திரும்பி வரும்போது நிற்கத் தெம்பு இருக்காது. மண்டிபோட்டு, கரையில் வேப்பமரத்தடியில் நிற்கும் தன் காரையே பார்த்துக்கொண்டு, கரையோரமாக வந்து சேர்வார்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே கதைதான். நாலாவது வாரம் அவர் பலகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். கோமளா அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து வடாம் காயவைத்தாள். அவர் பார்த்தார். தாண்டிப் போனார்.

புதுச்சேரியில் ஒருவர் பலகையை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிறு சாயங்காலம் வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு காலை தமயந்தி ஊருக்குத் திரும்பியிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கலியமூர்த்தி பலகையைக் காரின்மேல் கட்டி எடுத்து வந்தார். மணலில் இறக்கி வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார். சாயங்காலம் ஆள் வருவதையும் சொன்னார்.

தமயந்தி பலகையைச் சுற்றி வந்தாள். அழுத்திப் பார்த்தாள். வால் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் ஒட்டியிருந்த ஒரு வடாத்துணுக்கை நகத்தால் சுரண்டினாள்.

“ஒரே கேள்விதான் கோச். இந்தப் பலகை எனக்குச் சரிப்படுமா, படாதா?”

“காரை எங்க விட்டிருக்கீங்க?”

கலியமூர்த்தி மரத்தடியைக் காட்டினார். பக்கத்தில் அவளுடைய ஸ்கூட்டரும் நின்றது.

“எப்பவும் அங்கதானா?”

“எப்பவும் அங்கதான். திரும்பி வந்ததும் ஏறணுமே.”

தமயந்தி தலையாட்டினாள்.

அவருக்கு அது குற்றச்சாட்டாகப் பட்டது. போகும்போது காற்றை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும் என்று முதல் நாள் பாடத்தில் அவளே சொன்னதை நினைவுபடுத்தினார்.

“சொன்னேன். அது அந்த அகலப் பலகைக்கு” என்றாள் தமயந்தி. “காரை எடுங்க. என் பின்னாடி வாங்க.”

அவருடைய பலகையைப் பள்ளிக் கொட்டகையில் வைத்தாள். ஸ்கூட்டரில் முன்னால் போனாள். கலியமூர்த்தி காரில் பின்தொடர்ந்தார். அவள் வடக்கே சாலையோடு போய்க்கொண்டே இருந்தாள். சவுக்குத்தோப்பு தாண்டியது. உப்பங்கழிப் பாலம் தாண்டியது. சாவடிக்குப்பம் என்ற ஊரில் திரும்பி, மீன் ஏலம் போடுகிற கொட்டகை அருகே நின்றாள்.

“இங்க விடுங்க” என்றாள்.

கலியமூர்த்தி ஒரு பழக்கம் உள்ளவர். கல்யாணத்துக்குப் போனாலும் வண்டியைத் திருப்பி, மூக்கு சாலையைப் பார்க்க நிறுத்திவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார். சினிமாவில் கதவோர நாற்காலிதான் கேட்பார். சாவடிக்குப்பத்திலும் முன்னால் போய், பின்னால் வந்து, சாலையைப் பார்க்க நிறுத்தினார். தமயந்தி அது முடியும்வரை காத்திருந்தாள்.

“கிளம்பறதுக்கு ரெடியா இருக்கு” என்றாள். “இப்ப என் பின்னாடி ஏறுங்க. அங்கேருந்து பலகையிலயே இங்க வரப்போறோம்.”

ஸ்கூட்டர் தெற்கே திரும்பியது. பின்னால் உட்கார்ந்த கலியமூர்த்தி, கார் சின்னதாகிக்கொண்டே போவதைக் கழுத்து வலிக்கப் பார்த்தார். பர்ஸ் அதில் இருந்தது. செருப்பு அதில் இருந்தது. மாற்றுச் சட்டையும் ஃபோனும் ஃப்ளாஸ்க்கில் காப்பியும் அதில் இருந்தன. இடுப்புப் பையில் சாவி மட்டும் கூட வந்தது. பாதி வழியில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டார். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார்.

“மிதவைச் சட்டையை இறுக்கிப் போட்டுக்கங்க. கால்ல கயிறு கட்டிக்கங்க. நான் பக்கத்துலதான் வருவேன்” என்றாள்.

ஸ்கூட்டர் மறுபடி வேப்பமரத்தடியில் நின்றது. தெற்குக் காற்று நன்றாக ஏறியிருந்தது. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தது. தமயந்தி தன் பழைய பலகையை எடுத்துக்கொண்டாள். இருவரும் அலை உடையும் இடத்தைத் தாண்டி வெளியே போய், வடக்கே திரும்பினார்கள்.

கலியமூர்த்தி எழுந்து நின்றார். விழுந்தார். ஏறி நின்றார். விழுந்தார்.

மூன்றாவது தரமும் விழுந்து தலையை உயர்த்தியபோது வாயில் உப்புத் தண்ணீர். மனசும் விட்டுப்போயிருந்தது. கரை பக்கத்தில்தான் இருந்தது. அவர் பலகையை மண்டிபோட்டுத் தெற்கே திருப்பினார். அதன் மூக்கில் காற்று அறைந்தது. தூரத்தில் வேப்பமரம் தெரிந்தது. மரத்தடியில் அவளுடைய ஸ்கூட்டர் மட்டும் நின்றது. அங்கே அவருடையது என்று ஒன்றும் இல்லை.

தமயந்தி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவர் மெதுவாகப் பலகையை வடக்கே திருப்பி, எழுந்து நின்றார்.

நின்றவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி என்ன சார்?”

“அலை வருது கோச்.”

“வரட்டும். முன்னாடி என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. பள்ளமா இருக்கு.”

“அதுல இறங்குங்க.”

அவர் பள்ளத்தைப் பார்த்தார். நாலு முறை அழுத்தித் துடுப்புப் போட்டார். பலகையின் வால் லேசாகத் தூக்கியது. அடுத்த கணம் யாரோ கீழே கைகொடுத்துத் தள்ளியதுபோல அது பள்ளத்துக்குள் இறங்கி ஓடியது. நாலு வாரமாக நடுங்கிய பலகை ஓடும்போது நடுங்கவில்லை. சலசலவென்று தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்தது. அவர் காலடியில், கூடத்துத் தரையில் படுத்திருந்தபோது இருந்ததைப் போலவே, அசையாமல் இருந்தது.

“கோச், துடுப்புப் போடட்டுமா?”

“வேலை இருந்தா போடுங்க.”

வேலை இல்லை. அவர் துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த அலை அவரை விட்டது. பலகை மறுபடி ஆடியது. அடுத்த பள்ளத்தைத் தேடினார். அதைத் தவறவிட்டார், விழுந்தார், ஏறினார். அதற்கடுத்தது கிடைத்தது.

சவுக்குத்தோப்பு இடதுபக்கம் வந்தது, போனது. அது எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை. ஒரு தடவை பலகை ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியபோது, சின்னப் பையனைப்போல ஒரு சத்தம் கேட்டது. அது தன் சத்தம்தான் என்று அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. தமயந்தி கேட்காததுபோல் இருந்தாள்.

சாவடிக்குப்பத்துக் கரையில் இறங்கும்போது கடைசி அலை இருவரையும் ஒன்றாகக் கவிழ்த்தது. வலை உதறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திச் சிரித்தார்கள். ஒருத்தி, வயசான மனுஷனை இந்தப் பாடா படுத்துவே என்று தமயந்தியைக் கேட்டாள். கலியமூர்த்தி, அவள் படுத்தவில்லை, அலைதான் என்று நின்று விளக்கம் சொன்னார்.

காரைத் திறந்தார். ஃபோனில் புதுச்சேரிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். கலியமூர்த்தி ஈரக் கையைக் கார் சீட்டில் துடைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். கிளம்பிவிட வேண்டாம் என்றும், தொந்தரவுக்கு மன்னிக்கும்படியும் சொன்னார். பலகையில் ஏதாவது கோளாறா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

“இல்லீங்க. அது நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார்.

ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றித் தமயந்தியிடம் கொடுத்தார். மாற்றுச் சட்டையை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சட்டையாலேயே பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். மூக்கிலிருந்து வால்வரை துடைத்து, வாலிலிருந்து மறுபடி மூக்குவரை வந்தார். பாதியில் கை நின்றது.

“கோச், உங்க ஸ்கூட்டர் அங்கயே நிக்குதே.”

“ஆமா.”

“உங்க பர்ஸு, ஃபோனு?”

“எல்லாம் அதுலதான்.”

அவர் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தார். கார்ச் சாவியின் சங்கிலி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“நான் பாதியிலயே கரையேறி எங்கயாவது நடந்து போயிருந்தா, நீங்க எப்படித் திரும்பிப் போயிருப்பீங்க?”

தமயந்தி காப்பியைக் குடித்து முடித்தாள். மூடியை மணலில் கவிழ்த்து உதறினாள். தன் பழைய பலகையைத் தூக்கி அவருடைய காரின்மேல் வைத்தாள்.

“அதை நான் யோசிக்கவே இல்லையே, சார்” என்றாள்.