படகு வீட்டுத் தாழ்ப்பாள்

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொக், டொக். யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல. ஆனால் கதவில் இல்லை. எங்கள் காலுக்குக் கீழே.

காலுக்குக் கீழே தண்ணீர்தான் இருந்தது. ஹாலந்தில் லெய்டன் நகரத்துக் கால்வாய் ஒன்றில் கட்டிப்போட்டிருந்த பழைய படகு வீட்டில் நாங்கள் தங்கியிருந்தோம். மணி மாலை ஐந்தரைதான். ஆனால் டிசம்பரில் அந்த ஊரில் அதற்குள் நன்றாக இருட்டிவிடுகிறது. நான் மகள் நறுமுகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்தேன். நெற்றியில் திருநீறு இருந்தது. பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பயம் வந்தால் வாய் தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

“பயப்படாத தங்கச்சி,” என்றார் ஆவுடையப்பன் அண்ணன். “அது சைக்கிள்.”

ஆவுடையப்பன் அண்ணன் என் நாத்தனாரின் கணவர். பாளையங்கோட்டையிலிருந்து பேச்சி மதினியோடு ஜெர்மனியில், கொலோனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹாலந்தைப் பார்க்காமல் போனால் ஹாலந்து என்ன நினைக்கும் என்று கேட்டார். என் கணவர் இசக்கிராஜ் இருப்பதிலேயே மலிவான பஸ்ஸையும் இருப்பதிலேயே மலிவான படகையும் தேடிப் பிடித்தார். மூன்று ராத்திரி. படகு ஏன் மலிவு என்று வந்த பிறகுதான் தெரிந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் விழவில்லை. ஈரத்தில் மரம் ஊதி, தாழ்ப்பாள் ஒரு பக்கமும் அது நுழையவேண்டிய ஓட்டை ஒரு பக்கமுமாக இருந்தன.

கதவைத் திறந்தால் மேல்தளம். அங்கிருந்து இரண்டு எட்டு வைத்தால் கால்வாய். கைப்பிடிச் சுவர், கம்பி, கயிறு எதுவும் இல்லை. நறுமுகைக்குப் பதினாலு மாதம். நடக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளால் எட்டு எட்டு வைக்க முடியும்.

முந்தின ராத்திரி நான் கண் விழித்தபோது அவள் பக்கத்தில் இல்லை. கதவடியில் நின்று இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தாள். கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது. அதன் பிறகு என் துப்பட்டாவின் ஒரு நுனியைக் கதவுப் பிடியிலும் மறு நுனியை என் கணுக்காலிலும் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனிடம் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லாமல் இல்லை. முதல் நாளே சொன்னேன்.

“தாழ்ப்பாளா? எங்க ஊர் கோயில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது ஆருன்னு நெனச்சே? நான்தான். யானை வந்து முட்டுச்சு. யானைக்கு மூணு நாள் தலைவலி. இது என்ன பிசாத்து, நாளைக்குப் பாத்துக்கிடலாம்.”

அந்த ‘நாளைக்கு’ இன்னும் வரவில்லை. என் கணவர் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார். பக்கத்துப் படகுக்காரரிடம் சுத்தியல் வாங்கி அடித்துப் பார்த்தார். வெளியே நின்று தோள் கொடுத்தும் தள்ளினார். தோள்தான் வீங்கியது.

டொக்.

“சைக்கிள் எப்படி தட்டும்?” என்று கேட்டேன்.

“இந்த ஊர்ல மனுஷனை விட சைக்கிள் அதிகம். பாதி சைக்கிள் கால்வாய்க்குள்ளதான் கெடக்கு. அதுக சும்மா கெடக்குமா? சாயங்காலமானா தானா மிதிச்சுக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பும். நம்ம படகு நடுவுல நிக்குது. ஒதுங்கச் சொல்லித் தட்டுது. தொண்ணூத்தெட்டுல நான் வந்தப்ப மணியே அடிச்சுச்சு. இப்ப மணி துருப்பிடிச்சிருக்கும்.”

“தொண்ணூத்தெட்டுல நீங்க சங்கரன்கோயிலைத் தாண்டிப் போனதில்ல,” என்றார் மதினி. அவர் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலின் மேலிருந்த மயோனைஸை வழித்து ஓரமாக வைத்துவிட்டு, இட்லிப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார்.

“உனக்குச் சொல்லாம வந்தேன். அப்பளக் கம்பெனி வேலையா.”

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். கூட்டியும் குறைத்தும் சொல்வது ஒரே பாவம்தான் என்று மாரல் சயின்ஸ் வகுப்பில் எங்கள் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் அப்பள மூட்டையோடு இறங்கிய அன்று ஒரு காற்றாலையின் இறக்கை முறிந்து கிடந்ததாம். நம் கயத்தாற்றுக் காத்தாடி போல அல்ல, கோபுரம் உயரம். ஊரில் மாவு அரைக்க வழியில்லை, ஜனங்கள் கோதுமையை மென்று தின்கிறார்கள். அண்ணன் நாலு அப்பளத்தை எடுத்து நாலு பக்கமும் கட்டினார். சுற்றியது. சுற்றிய வேகத்தில் காற்று சூடாகி அப்பளம் பொரிந்துவிட்டது. பொரிந்த அப்பளம் பெரிசாகும் இல்லையா? இன்னும் வேகம். மூன்று வருஷத்துக் கோதுமையை ஒரே மத்தியானத்தில் அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

“உளுந்து அப்பளமா, அரிசி அப்பளமா?” என்று கேட்டார் மதினி.

“உளுந்து.”

“அப்ப சரி.”

என் கணவர் சர்க்கரைப் பாகு வைத்த ஸ்ட்ரூப்வாஃபல் பிஸ்கட்டை டீக் கோப்பையின் மேல் மூடிபோல வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். “அத்தான், இன்னைக்குச் சந்தையில சீஸ் எப்படி?” என்றார்.

அன்று சனிக்கிழமை. கால்வாயின் இரு கரையிலும் சந்தை. சீஸ் கடையில் துண்டு துண்டாக நறுக்கி, ருசி பார்க்கச் சும்மா வைத்திருப்பார்கள். அண்ணன் அந்தக் கடைக்கு மூன்று முறை போனார். முதலில் குரங்குக் குல்லாவோடு. அடுத்து குல்லா இல்லாமல். கடைசியாக மதினியின் சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு. கடைக்காரர் மூன்று முறையும் ஒரே மாதிரி சிரித்தார். எங்கள் மத்தியானச் சாப்பாட்டுச் செலவு அதோடு முடிந்தது.

“இதெல்லாம் ஒரு சீஸா! அப்ப ஒரு சீஸ் பாத்தேன். உள்ள கொடஞ்சு ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்துச்சு. மாடி வச்சது. இந்தப் படகை விட மலிவு. ஒரே ஒரு குறை, பசிச்சா சுவரைத் தின்னுருவாங்க. சம்பளம் வராத மாசம் ஒண்ணு வந்துச்சு. மாசக் கடைசில நான் போய்ப் பாத்தா வாசக்கதவு மட்டும் நிக்குது. அஞ்சு பேரும் கதவுக்குப் பின்னால உக்காந்திருக்காங்க. மரியாதைக்குக் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போனேன்.”

“அந்தக் கதவுக்காவது தாழ்ப்பாள் விழுந்ததா அண்ணே?” என்றேன்.

“விழுந்துச்சு. நான்தான் போட்டுக் குடுத்தேன்.”

டொக், டொக், டொக். இப்போது படகின் பக்கவாட்டில். கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நறுமுகை சத்தம் வந்த பக்கம் கையை நீட்டி இறங்கத் திமிறினாள். நான் விடவில்லை.

“மீனா இருக்குமோ?” என்றார் என் கணவர்.

“மீனா? அந்த ஹெர்ரிங் மீனை இங்க பச்சையா வாலைப் பிடிச்சுத் தூக்கி முழுங்குவாங்கல்ல? அப்ப நான் ஒண்ணு முழுங்கினேன். அது சாகல. இன்னிக்கும் வயித்துக்குள்ள கெடக்கு. மழை வரதுக்கு முந்தி ஒரு தடவை திரும்பிப் படுக்கும்.”

அன்று காலை சந்தையில் அண்ணன் ஹெர்ரிங் ஒன்று வாங்கினார். ஊர்க்காரர்கள் செய்வது போலவே வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “மாப்ளே, நீ பிடி,” என்று என் கணவரிடம் கொடுத்துவிட்டார். இதை நான் அவரிடம் நினைவுபடுத்தவில்லை.

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்,” என்றார் மதினி.

“பொய்யா? ஏ, இந்த ஊரே கடல் மட்டத்துக்குக் கீழ கெடக்கு. இன்னிக்கு இது தண்ணிக்குள்ள முழுகாம இருக்குன்னா யாரால? நான் கால்வாயில மோதிரத்தைத் தவறவிட்டேன். குதிச்சுத் தேடினப்ப அடியில ஒரு மூடி தட்டுப்பட்டுச்சு. இழுத்துட்டேன். அதான் ஹாலந்தோட மூடி. கடல் குபுகுபுன்னு உள்ள வருது. அடைக்க என்ன இருக்கு? கையில ஒரு தூக்குச் சட்டி இட்லி மாவு இருந்துச்சு. அப்படியே அடைச்சேன். நின்னுருச்சு. ஆனா ராத்திரியோட ராத்திரியா மாவு பொங்கிருச்சு. கால்வாய் நெடுக வெள்ளையா ஏறி, பாலத்தையெல்லாம் தூக்கிருச்சு. நேத்துப் பாத்தோம்ல, படகு போறதுக்குப் பாலம் ரெண்டாத் தூக்கிச்சே? அன்னிக்கு ஆரம்பிச்ச பழக்கம்தான் அது.”

மதினி அடுத்த வறுவலுக்குப் பொடி தூவினார்.

பட். பட். பட். ஈரத் துணியைப் பலகையில் அடிப்பது போல ஒரு சத்தம். ஏதோ மேல்தளத்தில் ஏறி நடந்து வந்தது. கதவுக்கு வெளியே நின்றது. கதவையே தட்டியது.

டொக்.

நான் மரியே என்பதையும் முருகா என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

“கடலையே மாவு வச்சு அடைச்சவரு,” என்றார் மதினி. “போய் யாருன்னு பாருங்க. அப்படியே காக்காச் சோத்தையும் வச்சிருங்க. அஞ்சு மணிக்கு வைக்க வேண்டியது. இன்னிக்கு உங்க கதையில மறந்தே போச்சு.”

அண்ணனுக்குக் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் தொண்டையில் எதுவும் இறங்காது. கொலோனில் ஜன்னல் விளிம்பில் வைப்பார். இங்கே வியாழனும் வெள்ளியும் சரியாக ஐந்து மணிக்குக் குக்கரிலிருந்து தயிர் சாதத்தை எடுத்து, மேல்தளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு “கா, கா” என்று கூப்பிட்டார். இருட்டில் காக்கா எங்கே வரும் என்று கேட்டதற்கு, இந்த ஊர்க் காக்காய்க்கு நைட் ஷிஃப்ட் என்றார். காலையில் பார்த்தால் சோறு இல்லை. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிரூபணமாகியிருந்தது.

அண்ணன் எழுந்தார். குரங்குக் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். தயிர் சாதத் தட்டோடு வெளியே போனார். காற்றில் கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். விசில் வரப்போகும் குக்கர் போல, ஆனால் கோபத்தோடு. தட்டு விழுகிற சத்தம்.

அண்ணன் உள்ளே வந்தார். தட்டு இல்லை. ஒரு காலில் செருப்பும் இல்லை. எங்களைப் பார்க்காமல் திரும்பி, கதவுப் பிடியைப் பற்றி ஓர் இழு இழுத்தார். உள்ளங்கையால் தாழ்ப்பாளை ஓங்கி ஓர் அடி.

கிளக்.

எண்ணெய்க்கும் சுத்தியலுக்கும் மூன்று நாளாக அசையாத தாழ்ப்பாள், கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் ஓட்டைக்குள் போய்விட்டது.

என் கணவர் கைபேசி விளக்கை வட்ட ஜன்னல் வழியாக அடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெரிய வெள்ளை அன்னம் ஒன்று, கவிழ்ந்த தட்டின் பக்கத்தில் தயிர் சாதம் தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்ததும் அலகால் பலகையைத் தட்டியது. டொக். இரண்டு நாள் ஐந்து மணிக்கு வந்த சோறு இன்று வரவில்லை என்பதால்தான் படகைச் சுற்றிச் சுற்றித் தட்டியிருக்கிறது.

“காக்கா வெள்ளையா இருக்கு அத்தான்,” என்றார் என் கணவர்.

அண்ணன் தண்ணீர் குடித்தார். “றெக்கை ஒவ்வொண்ணும் பன்னெண்டு அடி,” என்றார்.

“கழுத்து?” என்று கேட்டார் மதினி.

“கழுத்தை முழுசாப் பாக்கல. அது முடியறதுக்குள்ள நான் உள்ள வந்துட்டேன்.”

“ஒத்தைச் செருப்பு வெளிய கெடக்கு. கதவைத் தொறந்து எடுத்துட்டு வாங்க.”

“வேண்டாம். தொறந்தா தாழ்ப்பாள் மறுபடி விழாது. பிள்ளை இருக்க எடம்.”

மூன்று நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். நறுமுகையை இறக்கிவிட்டேன். அவள் எட்டு எட்டு வைத்துக் கதவடிக்குப் போனாள். முந்தின ராத்திரி போலவே இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.